பூட்டிய வீட்டில் தண்ணீர் நிற்கலாமா?

பெண்ணுக்குப் பிரசவம், மருமகளுக்குப் பிரசவம் என்று ஆறு மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் இப்போது சர்வ சாதாரணம். சிங்கப்பூர், துபாய், பெங்களூர் என்று பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு நாம்தானே போகவேண்டியிருக்கிறது! கிளம்புகிற அன்று என்ன செய்கிறோம்? நகையை லாக்கரில் வைக்கிறோம். கேஸ் சிலிண்டரை மூடுகிறோம். ஜன்னல் கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறோம். தண்ணீரை யாராவது நினைக்கிறோமா? நான் நினைக்கவில்லை. அதனால் வந்த வினையைச் சொல்லிவிட்டுத்தான் குறிப்புகளுக்கு வருவேன்.

2017ஆம் வருஷம் ஆனி மாதக் கடைசியில், மருமகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனேன். கிளம்புவதற்கு முந்தின நாள் மோட்டாரைப் போட்டு மாடித் தொட்டியை நிறைத்து வைத்தேன். 'திரும்பி வந்ததும் கால் கழுவத் தண்ணி வேணுமே' என்ற எண்ணம்தான். நிறைந்த தொட்டியை விட்டுப் போகிறோம் என்று மனசுக்குள் ஒரு திருப்திகூட.

புரட்டாசியிலேயே அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். அவர் வீட்டோரமாகச் சக்கரம் வைத்த ஒரு குட்டி வீடு நிற்கும். டிரெய்லர் என்கிறார்கள். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். உள்ளே அடுப்பு, குழாய், குளியலறை, கீசர் எல்லாம் உண்டு. கோடையில் ஏரிக்கரைக்கும் காட்டுக்கும் இழுத்துப் போய்க் குடும்பத்தோடு தங்குவார்களாம். குளிர் வந்தால் அப்படியே ஓரம் கட்டிவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை, அந்தப் பெரியவர் காலையிலிருந்து அந்த வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முதலில் தொட்டித் தண்ணீரை வடித்தார். கீசரின் அடியில் இருந்த திருகைக் கழற்றி அதையும் வடித்தார். குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, காற்றடிக்கும் மெஷினை வைத்து உள்ளே இருந்த கடைசிச் சொட்டையும் ஊதி வெளியே தள்ளினார். பிறகு ரோஸ் கலரில் ஏதோ ஒன்றைக் குழாய்க்குள் ஏற்றினார். என்னடா இது என்று மகனைக் கேட்டேன்.

"தண்ணி ஐஸாகும்போது நூத்துக்கு ஒன்பது பங்கு பருத்துடும்மா. குழாய்க்குள்ள நின்னா குழாயே வெடிச்சுடும். அந்த ரோஸ் தண்ணி லேசுல உறையாது. விஷமில்லாத ரகமாப் பாத்துதான் ஊத்துவாங்க. அடுத்த கோடைக்கு நல்லா அலசிட்டு மறுபடி குடிதண்ணி விடுவாங்க" என்றான்.

இத்தனூண்டு வண்டிக்கு இவ்வளவு பாடா என்று எனக்குச் சிரிப்பு. நம் ஊரில் எந்தக் காலத்தில் தண்ணீர் உறைந்தது!

அந்த வாரமே அரியலூரிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, முனிசிபாலிடி ஆளுங்க உங்க வீட்டைத் திறந்து காட்டச் சொல்றாங்களாம். பக்கத்து வீட்டுலேருந்து போன் வந்துச்சு. என்கிட்ட இருக்கிற சாவி வாசக் கதவுக்கு மட்டுந்தானா, மாடிக்கும் சேர்த்தா?" என்றாள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு எட்டு வயது. டெங்குக் காய்ச்சல் வந்து, இரத்தத்தில் தட்டணு குறைந்து, திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் தெருவில் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பூட்டிக் கிடந்தது எங்கள் வீடு ஒன்றுதான்.

நாத்தனார் பஸ் ஏறி வந்து திறந்துவிட்டாள். ஆடிக் காற்று மாடித் தொட்டியின் மூடியைத் தூக்கி எங்கேயோ போட்டிருந்தது. தொட்டி நிறையக் கொசுப்புழு. பாத்ரூமில் மூடி சரியாக உட்காராத பிளஷ் டேங்கிலும் புழு. கொல்லையில், மிக்ஸியும் கிரைண்டரும் வந்தபிறகு யாரும் தொடாத ஆட்டுக்கல்லின் குழியில் மழைத் தண்ணீர் நின்று, அதிலும் புழு. எல்லாவற்றையும் கொட்டி, மருந்து ஊற்றிவிட்டுப் போனார்கள்.

பையன் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தான். அந்த ஒரு வருஷத்தில் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு கண்டு, 65 பேர் இறந்தார்கள் என்பது அரசாங்கக் கணக்கு. எங்கள் வீட்டுக் கொசுதான் அவனைக் கடித்தது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அவன் அம்மாவுக்குப் போன் செய்தபோது, "அக்கா, நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க, எல்லா எடத்துலயும்தான் கொசு" என்றாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்தக் கொசுவைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. நம் வீட்டுத் தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு என்று ஓரளவு தெளிந்த தண்ணீரைத்தான் தேடி வரும். கடிப்பது பெரும்பாலும் பகலில். ரொம்ப தூரம் பறக்கவும் செய்யாது. பிறந்த வீட்டையும் அக்கம்பக்கத்தையும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆறு மாதம் பூட்டிய வீட்டில் எத்தனை தலைமுறை ஆயிற்று, கணக்குப் போட்டுப் பாருங்கள்!

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் அதற்கு உண்டு. தண்ணீரில் முட்டையிடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும. தண்ணீர் வற்றிப்போனாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடு இருக்கும். மழை வந்து மறுபடி ஈரம் பட்டதும் பொரிக்கும். ஆகவே தொட்டியை வடித்துவிட்டால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேங்காய் நார் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, கழுவிய தண்ணீரையும் வெளியேற்றவேண்டும். நம்மில் பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

நாம் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வேலையை ஆரம்பித்துவிடலாம். கடைசி நாளில் பெட்டி கட்டவே நேரம் போதாது. முதலில் மாடித் தொட்டி. மோட்டார் போடுவதை நிறுத்திவிட்டு, இருக்கிற தண்ணீரைத் துவைக்க, வீடு கழுவச் செலவழியுங்கள். அடியில் மிஞ்சுவதை வடித்துத் தேய்த்துக் கழுவி, ஒரு வெயில் காயவிட்டு மூடுங்கள். மூடியை நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டுங்கள். மேலே ஒரு செங்கல் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஆடிக் காற்றுக்கு அது தூசு. காலித் தொட்டி என்றால் தொட்டியே ஆடும், அதையும் தூணோடு சேர்த்துக் கட்டவேண்டும். நிறைந்து வழிகிற குழாய், காற்றுக் குழாய் இரண்டின் வாயிலும் கொசுவலைத் துணியை இரட்டையாக மடித்துக் கட்டுங்கள். கீழே போகும் வால்வை மூடி, வடிகுழாயைத் திறந்தபடி விட்டால், எப்படியாவது உள்ளே போகும் மழைத் தண்ணீரும் நிற்காமல் ஓடிவிடும். அதன் வாயிலும் ஒரு வலைத் துணி.

தரைக்குக் கீழே சம்ப் இருக்கிறதா? அதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மூடியே கிடந்த சம்ப்பில் மூச்சுவிடக் காற்று இல்லாமல் போகலாம், விஷவாயுவும் சேர்ந்திருக்கலாம். இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழ, ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போன செய்திகளைப் பேப்பரில் படிக்கிறோம். பிள்ளைகளை 'ஒல்லியா இருக்கான், இறங்கட்டும்' என்று இறக்கவே கூடாது. மோட்டார் மெயினை நிறுத்துங்கள். மூடியைத் திறந்து, பக்கத்தில் ஆள் இருந்து பார்த்தபடி, பல மணி நேரம் காற்றாட விடுங்கள். கூடுமானவரை மேலிருந்தபடியே நீளக் கம்பு பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீரை இறைத்துவிடுங்கள். இறங்கித்தான் தீரவேண்டுமென்றால், அதற்குரிய சாதனங்களோடு இந்த வேலையே செய்பவர்களைக் கூப்பிடுங்கள். கூலியைப் பார்க்காதீர்கள்.

குளியலறைக்கு வருவோம். பிளஷ் டேங்குக்குப் போகும் குழாயை மூடிவிட்டு, ஒரு தடவை பிளஷ் செய்து, மிச்சத் தண்ணீரைப் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். ஆனால் கக்கூஸ் பேசினிலும் தரை ஜாலிக்குக் கீழேயும் நிற்கும் தண்ணீரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்! அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பான்பூச்சியையும் மேலே வராமல் தடுக்கிற பூட்டு. நம் சித்திரை வெயிலில் சில வாரத்தில் அது காய்ந்துவிடும். காயாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே படர்ந்து நின்று ஆவியாவதைக் குறைக்கும், கொசுப்புழுவுக்கும் மூச்சு முட்டும். பிறகு பேசின் வாயைப் பாலிதீன் தாளால் மூடி டேப் ஒட்டுங்கள். ஜாலி மேல் ஒரு பாலிதீன் விரித்துக் கனமாக ஏதாவது வையுங்கள்.

பிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்கிறோம், சரி. அதன் பின்பக்கம் அடியில் ஒரு தட்டு இருக்கும், தண்ணீர் சொட்டி நிற்கும். அதை நான் இருபது வருஷம் பார்த்ததே இல்லை! அதையும் துடையுங்கள். வாஷிங் மெஷின் குழாயைக் கழற்றி வடித்து, மெஷின் கதவையும் திறந்து வையுங்கள். ஏர் கூலர் இருந்தால் அடித்தொட்டியைக் காலி செய்து காயவிடுங்கள். ஆட்டுக்கல், உரல், அம்மிக்கல் பள்ளம் இதிலெல்லாம் மணலைக் கொட்டி நிரப்பிவிட்டால் தொல்லை விட்டது. டயர், சிரட்டை, உடைந்த பிளாஸ்டிக் குடம் கொல்லையில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் வண்டி ஏறவேண்டும்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய வியாதி, உப்பு. அரியலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். காரை, குன்னம் பக்கத்தில் கல்லாய்ப் போன சிப்பியும் நத்தையும் இன்றைக்கும் கிடைக்கின்றன. சாத்தனூரில் மரமே கல்லாகிக் கிடக்கிறது. அந்தச் சிப்பியும் நத்தையும் படிந்துதான் சுண்ணாம்புக்கல் ஆயிற்று. சிமெண்ட் பாக்டரிக்கு அது தங்கம். நமக்கோ போர்த் தண்ணீரில் கரைந்து வந்து, பருப்பை வேகவிடாமல், சோப்பை நுரைக்கவிடாமல் படுத்துகிறது. தண்ணீர் காயும் இடத்திலெல்லாம் வெள்ளையாகப் படியும். தினமும் திறந்து மூடும் குழாயில் அவ்வளவாகத் தெரியாது. ஆறு மாதம் சும்மா விட்டால் குழாய்த் திருகு, ஷவர்க் கண், வால்வு எல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் இறுகிவிடும். ஓங்கித் திருகினால் குழாயே கையோடு வரும்.

இதற்கும் வழி, மிச்சிகன் பெரியவர் செய்ததுதான். எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, உள்ளே நிற்கிற தண்ணீரை வடித்துவிடவேண்டும். மாடிக் குழாய்களை முதலில், கடைசியாகத் தரைத்தளத்தில் ஆகத் தாழ்வான குழாயை. ஷவர்த் தலையைக் கழற்றி, எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டுத் துடைத்து அலமாரியில் வைத்துவிடலாம். காற்றடிக்கும் மெஷினெல்லாம் நமக்கு வேண்டாம், நம் வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும். வடிந்தபிறகு குழாய்களை மூடிவிடுங்கள். திறந்தபடியே விட்டுப் போய், யாராவது மோட்டாரைப் போட்டால் வீடே குளமாகிவிடும்.

கீசருக்குத் தனிக் கவனம் வேண்டும். சுவிட்சை அணைத்து, தண்ணீர் நன்றாக ஆறியபின், உள்ளே வரும் குழாயை மூடி, அடியில் இருக்கும் வடிதிருகைத் திறக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியனோ பிளம்பரோ செய்யட்டும். திருகோடு கொஞ்சம் சுண்ணாம்புச் செதிலும் கொட்டும், பயப்படாதீர்கள். 'கீசர் காலி, சுவிட்சு போடாதே' என்று ஒரு சீட்டு எழுதிச் சுவிட்சின் மேல் ஒட்டிவிடுங்கள். நாம் எழுதியது நமக்கேதான் உபயோகப்படும். ஆறு மாதம் கழித்து, இரவெல்லாம் பயணம் செய்த களைப்பில், குழந்தையைக் குளிப்பாட்டும் அவசரத்தில், காலிக் கீசருக்குச் சுவிட்சைப் போட்டால் காயில் கருகிப்போகும்.

மோட்டார் விஷயத்தில் மட்டும் 'எல்லாவற்றையும் நிறுத்து' என்பது சரிப்படாது. போருக்குள் தொங்கும் சப்மெர்சிபிள் மோட்டார் மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் உப்பும் துருவும் பிடித்துச் சிக்கிக்கொள்ளலாம். மேலே தூக்கிச் சரிசெய்ய எத்தனை ஆயிரம் ஆகும் என்று உங்கள் வீட்டுக்காரரையே கேளுங்கள். மாதம் ஒரு தடவையாவது, பத்து நிமிஷம், யாரையாவது போட்டு நிறுத்தச் சொல்லவேண்டும். அந்தத் தண்ணீர் மாடித் தொட்டிக்குப் போகாமல், மோட்டார் பக்கத்திலேயே ஒரு கிளைக் குழாய் வைத்துத் தென்னைக்குப் போகும்படி செய்துவிட்டால் உத்தமம். தரையில் இருக்கும் மோனோபிளாக் மோட்டாருக்கு வேறு முறை. அதன் அடியில் இருக்கும் திருகைக் கழற்றித் தண்ணீரை வடித்து வைக்கலாம். திரும்பி வந்ததும், மெயினை அணைத்துவிட்டு, விசிறி சுலபமாகச் சுற்றுகிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லி, தண்ணீர் ஊற்றி நிரப்பியபிறகே ஓட்டவேண்டும். புட் வால்வின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் ஊற்றிய தண்ணீர் நிற்காது. ரப்பர் மாற்றவேண்டியிருக்கும், சின்னச் செலவுதான்.

ஆகவே சாவி ஒன்று ஊருக்குள்ளேயே நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கவேண்டும், மாடிக் கதவுச் சாவியும் சேர்த்து. பணியாளர்கள் வந்தால் திறந்து காட்டவும் ஆயிற்று. கொசு வளர இடம் கொடுக்கக்கூடாது என்பது சட்டமே தவிர உபகாரமல்ல. 1939ஆம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டத்திலேயே இதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது. நான் அதையெல்லாம் வீட்டில் புழு பிடித்தபிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இனித் திரும்பி வருகிற நாள். பச்சைக் குழந்தையோடு பெண்ணும் கூட வருகிறாள் என்றால், நீங்களோ வேறு யாராவதோ இரண்டு நாள் முன்னால் வந்துவிடுவது நல்லது. வந்ததும் குழாயைத் திறந்து குழந்தையைக் குளிப்பாட்டுவது என்ற பேச்சே கூடாது. தொட்டியை மறுபடி ஒரு தடவை கழுவி, தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் புது பிளீச்சிங் பவுடர் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். பிரித்து ரொம்ப நாளான பவுடருக்கு வீரியம் குறைவு, 200 கிராம் வேண்டும். வீட்டிலுள்ள குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பிளீச்சிங் வாசனை வந்ததும் மூடி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். கீசர், ஆர்.ஓ. மெஷின் இரண்டுக்கும் போகும் குழாய்கள் அப்போது மூடியிருக்கட்டும். காலையில் எல்லாவற்றையும் வடித்து, நல்ல தண்ணீர் விட்டு வாசனை போகும்வரை ஓடவிடுங்கள். செடிகளுக்கு அந்தத் தண்ணீரை விடாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. உப்புக் கறைக்கென்று ஆசிட், எலுமிச்சை உப்பு, வினிகர் எதை உபயோகித்தாலும், பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது. சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும். ஒன்றை நன்றாகக் கழுவிவிட்டு, அடுத்த நாள்தான் மற்றது.

ஆர்.ஓ. மெஷினில் பழைய தண்ணீரை வடித்து, பில்டரை மாற்றி, முதலில் நிரம்பும் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள். அதுவரை குடிக்கக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு எந்தத் தண்ணீரும் வேண்டாம், தாய்ப்பால் மட்டும் போதும். 'வெயில் காலம், தொண்டை காயுமே, ஒரு பாலாடை தண்ணி கொடு' என்று சொல்லும் அப்பாயிகளிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு இன்னும் ஒன்று. மழைக் காலத்தில் பிள்ளைக்குச் சுள்ளென்று காய்ச்சல் அடித்து, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், புருபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்கவேண்டாம். இரத்தக் கசிவை அவை அதிகமாக்கும். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய நேரம். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் நாலாம் நாள் உடம்பு சில்லென்று ஆகி, 'சரியாயிடுச்சு' என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் வயிற்றுவலி, வாந்தி, ஒரே சோர்வு. அவள் சமர்த்து, நிலவேம்புக் கஷாயத்தோடு நிறுத்தாமல் உடனே ஆட்டோவைப் பிடித்தாள்.

போன இதழுக்குப் பிறகு ஜயங்கொண்டத்திலிருந்து ஒரு சகோதரி, மூன்று மாதம் மகளிடம் போகிறேன், துளசிக்கு என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருந்தார். மாடத்தில் இருந்தால், மாதாமாதம் மோட்டார் போட வருகிறவரால் காப்பாற்ற முடியாது. தொட்டியோடு தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். அடித்தட்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.